ரெண்டு மீட்டர் கயிறு

தம்பி: "நீர் காத்த நாயகன்"னு போர்டே வெச்சிருக்காங்கக்கா. என் போட்டோ வேற.

அக்கா: பார்த்தேன். போட்டோல நீயே வத்தின கிணறு மாதிரிதான் இருக்க.

தம்பி: கிண்டல் பண்ணாத. அரை மணி நேரத்துல கூட்டம். மைக்ல நான் என்ன...

அக்கா: மாசாமாசம் பொதுக்கிணத்துல கயிறு விட்டு நம்பர் சொல்றவன் நீ. அதையே சொல்லு. அதுக்கா இந்த வேர்வை? இதைப் பாய்ச்சினா ஒரு பாத்தி பயறு விளையும்.

தம்பி: அந்த நம்பர்லதான்க்கா கோளாறு.

அக்கா: என்ன கோளாறு?

தம்பி: தண்ணி பன்னண்டு மீட்டருக்குக் கீழ போனா யாரும் கரும்பு போடக் கூடாது, பயறுதான். நம்ம எல்லாரும் கையெழுத்து போட்டது.

அக்கா: எனக்கே பாடமா? போன வருஷம் நீ "பதிமூணு"ன்னு சொல்லித்தானே என் கரும்பு போச்சு. ஊர் முழுக்க உன்னைத் திட்டினேனே.

தம்பி: அது பதிமூணு இல்லக்கா... பதினொண்ணு.

அக்கா: அது எப்படி?

தம்பி: போன வருஷம் அளக்கறதுக்கு முன்னாடி, கயிறு நுனி பிரிஞ்சிருந்துச்சுன்னு வெட்டிட்டு, அடியில தொங்கற இரும்புக் குண்டை மறுபடி கட்டினேன். பெயின்ட் குறியெல்லாம் மேலதான இருக்கு, கீழ யாரு பார்க்கறா? நேத்து பைக் கேரியர்ல கட்டியிருந்த கயித்தை அவுத்தா, வெட்டின அந்தத் துண்டு. அளந்தேன். சரியா ரெண்டு மீட்டர்.

அக்கா: அதாவது இருந்த தண்ணியை இல்லன்னு சொல்லிட்ட.

தம்பி: ஊரையே ஏமாத்திட்டேன். அளக்கறவனுக்குத் தன் கயிறே தெரியல. இந்த லட்சணத்துல நாயகன்.

அக்கா: இரு... பக்கத்து ஊர்ல என்ன ஆச்சு?

தம்பி: எல்லாரும் கரும்பு போட்டாங்க. இப்ப குடத்தோட லாரிக்கு நிக்கறாங்க.

அக்கா: நம்ம கிணறு?

தம்பி: மோட்டார் போட்டா இன்னும் வருது. அதான் பயமா இருக்கு. உண்மையச் சொன்னா "அப்ப தண்ணி நிறைய இருக்கு"ன்னு கரும்பு போட்டுடுவாங்க. சொல்லலன்னா... அந்த போர்டைப் பார்க்கவே கூசுது.

அக்கா: சும்மா இருந்துடேன். யாருக்குத் தெரியும்?

தம்பி: எனக்குத் தெரியுமே. அடுத்த மாசம் இந்தக் கயித்தைத் திரும்பக் கிணத்துல விடணுமே.

அக்கா: வேலையைப் பிடுங்கிடுவாங்க.

தம்பி: பிடுங்கட்டும். சொல்லிட்டு, "இந்த வருஷமும் பயறே போடுவோம், நம்பருக்காக இல்ல, பக்கத்து ஊரைப் பார்த்து"ன்னு கேட்கப் போறேன். முதல் கை நீ தூக்குவியா?

அக்கா: நானா? கரும்புக்காக உன்னோட மூணு மாசம் பேசாம இருந்தவளா?

தம்பி: அதனாலதான் கேட்கறேன். நீ தூக்கினா எல்லாரும் தூக்குவாங்க.

அக்கா: ...தூக்கறேன். ஆனா மைக்ல ரெண்டு மீட்டர்னு சொல்லிடாத.

தம்பி: ஏன்க்கா?

அக்கா: மூணுன்னு சொல்லு. மாடியில துணி காயுதே... அந்தக் கொடிக்கு ஒரு மீட்டர் பத்தலன்னு, நீ வெட்டறதுக்கு முந்தின வாரமே உன் கயித்துல நான் வெட்டிட்டு குண்டைக் கட்டி வெச்சுட்டேன்.