அத்தானுக்கு மட்டும் கேட்ட சுரம்

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கொஞ்சம் சுதி இறங்கித்தான் ஓடும். அத்தான் சொல்லியிருக்காவிட்டால் எனக்கு அது தெரிந்தே இருக்காது. எனக்குத் தெரிந்து ஃப்ரிட்ஜின் வேலை பாலைக் கெடாமல் வைத்திருப்பது. அவரோ சாப்பிட உட்காரும்போதெல்லாம் அதன் பக்கம் திரும்பி, தப்பாகப் பாடும் உறவுக்காரரைப் பொறுத்துக்கொள்வதுபோல் லேசாகச் சிரிப்பார். அப்படிப்பட்ட காது.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். பியானோக்களுக்குச் சுதி சேர்ப்பது அவர் தொழில். இசைப்பள்ளிகளிலிருந்தும் கச்சேரி அரங்குகளிலிருந்தும் கூப்பிடுவார்கள். வீட்டிலும் ஒரு வேலை அறை உண்டு. அதில் எப்போதும் யாருடைய பியானோவாவது வயிற்றைத் திறந்துகொண்டு நிற்கும். அக்கா பல் மருத்துவமனையில் நர்ஸ். நான் ஒரு லிஃப்ட் கம்பெனியில், புகார் கேட்கும் பிரிவில் இருக்கிறேன். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் வருகிற குரல் என்னுடையதுதான். "பயப்படாதீங்க, மூச்சை மெதுவா விடுங்க, ஆள் வந்துக்கிட்டே இருக்காங்க" என்பேன். ஆள் அப்போது கிளம்பியே இருக்கமாட்டார். நான் இவ்வளவு நிதானமாகப் பேசுகிறேனே என்று நீங்கள் முகம் சுளிப்பதால் சொல்கிறேன். இது தொழில் பழக்கம். வேறொன்றுமில்லை.

"ரெண்டு மாசம் இருந்துட்டுப் போறேன்" என்று சொல்லிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தவன் நான். அந்த ரெண்டு மாசம் இன்னும் முடிந்தபாடில்லை. அத்தான் ஒருநாளும் முகம் கோணியதில்லை. தன் வேலை அறைக்கு அடுத்த அறையை எனக்கு ஒழித்துக் கொடுத்தார். இரண்டுக்கும் நடுவே ஒரே சுவர். அதன் உச்சியில் காற்று போய்வர ஒரு சின்னத் திறப்பு.

பொழுது போகாமல்தான் அந்தக் கருவியை வாங்கினேன். உங்கள் மேசையில் இருக்கிறதே, அதுதான். க்ரூவ்பாக்ஸ் என்பார்கள். தாளம், மெட்டு, அடிநாதம் எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் ஒரே ஆள் உண்டாக்கிக்கொள்ளலாம். கூடச் சேர்ந்து வாசிக்க யாரும் கிடைக்காதவனுக்கென்றே செய்தது. வெறும் ஒலி அலை ஒன்றை எடுத்து, இந்தத் திருகைத் திருப்பி அதன் முனையை மழுக்கி, அந்தத் திருகைத் திருப்பி அதை நடுங்கவிட்டு, உலகத்தில் இல்லாத ஓர் ஒலியைச் செய்யலாம். மற்றவர்கள் செய்தால் மழை வருகிறது, திமிங்கிலம் வருகிறது. நான் செய்தால் தண்ணீர் மோட்டார்தான் வந்தது. ஒரு காலையில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "உங்க வாஷிங் மெஷின்ல துணியெல்லாம் ஒரு பக்கமா சேந்துக்கிச்சு போல, கொஞ்சம் பாருங்க" என்றார். அது நான் பல வாரமாகச் செதுக்கிய காதல் மெட்டு.

இருந்தாலும் விடவில்லை. ஒரு மெட்டை முடித்து, அத்தானைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு முழுசாகக் கேட்டார். அந்த மனிதரிடம் அரைகுறை என்பதே கிடையாது. கேட்டுவிட்டு என் தோளில் தட்டினார்.

"மச்சான், கடைசியில ஒரு மௌனம் விட்டிருக்க பாரு. அது ரொம்ப நல்லா இருந்துச்சு."

அங்கே நான் எதுவும் விடவில்லை. மெட்டு முடிந்துபோயிருந்தது.

அவர் கேலி செய்யவில்லை. எதையாவது பாராட்டிவிட வேண்டும் என்று தேடிப்பார்த்திருக்கிறார், அகப்பட்டது அதுதான். அக்காவிடம் நானே இதைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சிரித்தாள். இதற்காகத்தான் செய்தேன் என்று தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். அவ்வளவு அற்பமானவன் இல்லை நான்.

அது தற்செயலாக நடந்தது. ஒரு விடுமுறை நாள் மத்தியானம் எதையோ திருகிக்கொண்டிருந்தபோது எல்லாம் வடிந்துபோய் மெல்லிய ஒரே ஒரு சுரம் மிஞ்சியது. நூல் மாதிரி. எனக்கே கேட்கிறதா இல்லையா என்று சந்தேகம். சலித்துப்போய் அணைக்கப் போனேன். அப்போது பக்கத்து அறையில் அத்தானின் கை நின்றது. பியானோக் கம்பியை முறுக்கும் சத்தம், சுரம் தட்டும் சத்தம், இரண்டும் நின்றன. எட்டிப் பார்த்தேன். அவர் தலையை நிமிர்த்தி, சற்றே சாய்த்து, மூச்சுக்கூட விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் செய்த ஒரு ஒலியை ஒரு மனிதர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

"உனக்கு ஏதாவது கேக்குதா?" என்றார்.

"என்னது அத்தான்?" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்ன பொய். அதற்கப்புறம் புதிதாகப் பொய் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

பிறகு வேலையில் இறங்கினேன். வாழ்க்கையில் எதிலும் நான் அவ்வளவு சிரத்தையாக இருந்ததில்லை. ஒரு சின்ன ஸ்பீக்கரைச் சுவர்த் திறப்பின் உள்பக்கமாக, கூரையைப் பார்த்து வைத்தேன். கலப்பில்லாத ஒற்றைச் சுரம் என்றால் அறையில் அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது கஷ்டம். சுவர்களெல்லாம் சேர்ந்து காட்டிக்கொடுக்காமல் பார்த்துக்கொள்ளும். சுரம் பிறக்கும் கணம் யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காக, அது ஒன்றுமில்லாததிலிருந்து மெல்ல மெல்ல ஏறும்படி செய்தேன். இந்தக் கருவியில் இன்னொரு வசதி உண்டு. இந்தச் சுரம் வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்று விட்டுவிடலாம். கருவியே தன் இஷ்டத்துக்கு முடிவு செய்துகொள்ளும். அதையும் போட்டுவைத்தேன். அதனால் எப்போது வரும் என்று எனக்கே தெரியாது. அந்த விதத்தில் அவரும் நானும் ஒரே படகில்தான் இருந்தோம்.

அக்காவுக்கு அது கேட்கவே இல்லை. நாள் முழுக்கப் பல் குடையும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவள். அத்தான் அவளைக் கூப்பிட்டு நடு அறையில் நிறுத்தி, "இப்ப. இப்பக்கூட கேக்கலையா?" என்பார். அவள் பாவம், கேட்கிற மாதிரி முகத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "காலையில சரியா சாப்பிடாம போறீங்க, அதான்" என்பாள். நான் கதவருகே நின்று, லிஃப்டுக்குள் இருப்பவர்களிடம் பேசுகிற குரலில், "மூச்சை மெதுவா விடுங்க அத்தான்" என்பேன். அது அவருக்கு உண்மையிலேயே இதமாக இருந்ததாகச் சொன்னார்.

சுதி சேர்ப்பது எப்படியென்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. இரண்டு கம்பிகளை ஒன்றாகத் தட்டினால், சேராதவரை அவற்றுக்கு நடுவே ஓர் அலைவு கேட்கும். அது மெதுவாகி மெதுவாகி நின்றால் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அத்தானுக்கு இப்போது நடுவே மூன்றாவதாக என் சுரம் இருந்தது. எந்தக் கம்பியைத் தட்டினாலும் அலைவு நிற்கவில்லை. நின்றதாக அவர் நினைத்த இடத்தில் கம்பி பிசகியிருந்தது. சரி செய்கிறேன் என்று முறுக்கி முறுக்கி, கம்பி அறுந்து புறங்கையைக் கிழித்தது. வீட்டுக்கு வந்த பியானோக்கள் அழுதுகொண்டே திரும்பிப் போயின.

அந்தப் பழுது அறையோடு நிற்கவில்லை. ஒரு கச்சேரி அரங்கில், அவர் சுதி சேர்த்த பியானோவின் முன்னால் உட்கார்ந்த வித்வான் நாலு சுரம் வாசித்துவிட்டு எழுந்துவிட்டாராம். சபைக்கு முன்னாலேயே. அத்தான் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

"அங்கேயும் கேட்டுச்சு மச்சான்" என்றார்.

அது எனக்குப் புதுச் செய்தி. அரங்கில் என் ஸ்பீக்கர் இல்லை.

காது மருத்துவரிடம் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அக்காவுக்கு விடுப்பு கிடைக்கவில்லை. "நீதான்டா கூட இருந்து பாத்துக்கணும். எனக்கு வேற யாரு இருக்கா" என்றாள். மருத்துவர் ஹெட்ஃபோனை மாட்டி, ஒவ்வொரு ஒலியாகப் போட்டு, "இதுவா? இது மாதிரியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அத்தான் ஒன்றில் கையைத் தூக்கினார். "கிட்டத்தட்ட இதுதான். ஆனா அது இன்னும் நைஸா இருக்கும் டாக்டர். இது முரடா இருக்கு."

நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். காது சிவந்துவிட்டது. ஒரு மருத்துவமனையே சேர்ந்து என் சுரத்தைப் பிரதி எடுக்கப் பார்த்து, முடியாமல் நிற்கிறது. இது பெருமைப்பட வேண்டிய இடமில்லை என்று எனக்குத் தெரியும். பட்டதைச் சொல்கிறேன்.

அன்றே ஸ்பீக்கரை எடுத்துவிட்டேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், எனக்குச் சாதகமான விஷயம். கருவியை அணைத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். நாலு நாள் போகட்டும், தானே சரியாகிவிடுவார் என்று நினைத்தேன். அவருக்குச் சரியாகவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அதோடு ஒருநாள் சாயங்காலம் என்னிடம் வந்து, "இப்ப அதுக்குக் கீழே இன்னொண்ணு சேந்திருக்கு. கரகரன்னு. ரெண்டும் ஒட்டல" என்றார்.

நான் அப்படி எதையும் சேர்க்கவில்லை.

என் நிலைமையை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஒருவன் பாடுபட்டு ஒன்றைச் சுத்தமாகச் செய்து வைத்திருக்கிறான். அதில் யாரோ வந்து கரகரவென்று ஒன்றை ஒட்டிவிட்டுப் போகிறார்கள். அவருக்கும் அது கஷ்டமாக இருக்கிறது என்று அவர் வாயாலேயே சொல்கிறார். என்னுடையதாவது நைஸாக இருந்தது. அதனால் ஸ்பீக்கரை மறுபடி வைத்தேன். பழைய சுரத்தையே, இன்னும் கொஞ்சம் தெளிவாக, அந்தக் கரகரப்பு அமுங்கிப்போகிற மாதிரி. அது உதவி செய்யும் எண்ணத்தில் செய்தது. கொஞ்சநாள் கழித்து, "எப்படி இருக்கு அத்தான்?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். அப்போதெல்லாம் அவர் யாருக்குமே பதில் சொல்வதில்லை, காதில் வாங்கினால்தானே.

பியானோவுக்குள் சின்னச்சின்னச் சுத்தியல்கள் இருக்கும். அவற்றின் தலையில் கம்பளி போர்த்தியிருக்கும். அது இறுகிப்போனால் ஒலி கடுமையாகிவிடும். குத்தி இளக்குவதற்கென்று ஒரு கருவி உண்டு. கைப்பிடியும் நுனியில் ஊசிகளும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அக்கா துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தபோது, அத்தான் அதை எடுத்துத் தன் காதுகளில் பயன்படுத்தினார். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததையும். சத்தம் போடவில்லை. நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன், ஒன்றுமே கேட்கவில்லை. அக்கா இறங்கிவந்து கதவைத் திறந்தபோதுதான் கேட்டது. அது அவள் குரல்.

ஆம்புலன்ஸுக்கு நான்தான் பேசினேன். நிதானமாக, தெளிவாக, முகவரியெல்லாம் சரியாகச் சொன்னேன். கிளம்புவதற்கு முன்னால் ஸ்பீக்கரை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மருத்துவமனை வராந்தாவில் அக்கா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நீ மட்டும் இல்லேன்னா நான் இன்னைக்கு என்ன ஆகியிருப்பேன்டா" என்றாள். நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். "ஆள் வந்துக்கிட்டே இருக்காங்க" என்று சொன்னதாக ஞாபகம்.

அத்தானுக்கு இனி எதுவும் கேட்காது. யார் குரலும் கேட்காது. அந்தச் சுரம் மட்டும் கேட்கிறதாம். தானே சொன்னார், தன் குரல் தனக்குக் கேட்காத காரணத்தால் ரொம்பச் சத்தமாக: "அது போகல. அது மட்டும் போகல." வார்டில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மருத்துவர் அக்காவைத் தனியே கூப்பிட்டு விளக்கினார். நானும் கூட நின்றேன். "வெளியிலேருந்து வர்ற சத்தம் இல்லம்மா இது. ஆரம்பத்திலேருந்தே கிடையாது. அவரோட நரம்பு தானாவே உண்டாக்கிக்குது. இதுக்கு யாரும் காரணம் இல்ல."

யாரும் காரணம் இல்லை. அக்கா தலையாட்டிக்கொண்டாள். அந்த வார்த்தை எனக்கு இறங்கவில்லை. சாப்பிட முடியவில்லை. வேலையில் லிஃப்டுக்குள்ளிருந்து ஒருவர் கத்திக்கொண்டிருக்கிறார், நான் பதில் சொல்லாமல் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். மனசாட்சி என்று ஒன்று இருக்கிறது பாருங்கள், அது சும்மா விடாது. அதனால்தான் யாரும் தேடாமல், யாரும் சந்தேகப்படாமல், கருவியையும் தூக்கிக்கொண்டு நானாகவே இங்கே ஸ்டேஷனுக்கு வந்தேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். நரம்பு அல்ல, விதி அல்ல. முதல் திருகிலிருந்து கடைசித் திருகுவரை எல்லாம் என் கை. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், மருத்துவர் சொன்னதைப் பக்கத்தில் சேர்க்க வேண்டாம்.

இன்னும் ஒரே ஒரு விஷயம். வழக்கு நடக்கும்போது அந்த ஒலியை எல்லோருக்கும் போட்டுக் காட்ட வேண்டியிருக்கும். அப்போது உங்கள் கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் போட்டுவிடாதீர்கள், அதில் மெல்லிய சுரங்கள் சரியாக எடுபடாது. நல்லதாக ஒன்று ஏற்பாடு செய்யுங்கள். ஜன்னல்களைச் சாத்திவிட்டால் இன்னும் உத்தமம். எனக்காகக் கேட்கவில்லை. அத்தான் பட்ட பாடு என்ன என்பது நாலு பேருக்குச் சரியாகப் போய்ச் சேரவேண்டும், அவ்வளவுதான்.