பலூனுக்குச் சவரம் செய்வித்தவர்க்கு

பொத்தானையும் பூட்டையும் பல் தூரிகையையும் பாடமாக்கிய பெருந்தகையீர்! சோர்ந்த கைகளைச் சுறுசுறுப்பாக்கிய செம்மலே! முப்பத்தோர் ஆண்டுகள் எங்களை முறைத்தும் முறுவலித்தும் வழிநடத்திய மூத்தவரே! தாங்கள் பணி ஓய்வு பெறும் இந்நாளில், தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவின் ஒன்பது பேரும் ஒரே குரலில் வணங்குகிறோம்!

நம் பிரிவின் பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு, "இங்க வேலை வாங்கித் தருவாங்களா?" என்று கேட்டு வந்தவர்கள் எத்தனை பேர்! தாங்கள் சிரிக்கவே மாட்டீர்கள். "காலையில சட்டை போடுறீங்கல்ல, அதுவும் வேலைதான். அதை மீட்டுத் தரோம்" என்பீர்கள். சட்டைப் பொத்தான், தண்ணீர்க் குழாய், கதவுத் தாழ்ப்பாள், பேருந்துப் படியின் உயரத்துக்கு அடித்த மரப்படி என்று தாங்கள் சேர்த்து வைத்ததைக் கண்டு, பழைய சாமான் கடை என்று கேலி பேசியவர்களும் உண்டு. பேசியது நாங்கள்தாம். நோயாளி பொத்தானோடு மல்லுக்கட்டும்போது உதவ நீண்ட எங்கள் கைகளைத் தட்டிவிட்ட கொடுமைக்காரரும் தாங்களே! அந்தக் கொடுமையால் தாமே சட்டை மாட்டிக்கொண்டு வீடு திரும்பியவர்கள் ஏராளம், ஐயா.

ஆனாலும் தங்களை நினைத்தால் முதலில் கண்ணில் வருவது பலூன்தான். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், பக்கவாதத்தால் வலக்கை நடுங்கிய நிலையில் முடிதிருத்துநர் ஒருவர் வந்தார். "சாப்பிட, குளிக்க எல்லாம் வந்துடுச்சு சார். கத்தி பிடிக்க வரலைன்னா அப்புறம் நான் யாரு?" என்று கேட்டார். கடையை விற்றுவிடலாம் என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. தாங்கள் ஒரு பலூனை ஊதி, சோப்பு நுரை பூசி, சவரக்கத்தியோடு அவர் முன் வைத்தீர்கள். முதல் நாள் ஆறு பலூன்கள் வெடித்தன. பக்கத்துப் பிரிவு மருத்துவர் எட்டிப் பார்த்து, "யாருக்குப் பிறந்தநாள்?" என்றார். ஏழு வாரம் பலூன்கள் வெடித்துக்கொண்டே இருந்தன. எட்டாம் வாரம் ஒரு பலூன், நுரை முழுதும் வழிக்கப்பட்டு, பளபளவென்று முழுசாக நின்றது. அன்றுதான் அவர் அழுதார். "பலூனுக்கு வலிக்காது சார். மனுசன் எவன் வந்து உக்காருவான்?"

தாங்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தீர்கள். நம் பிரிவின் எழுத்தருக்குத் திடீரென்று தொலைபேசி அழைப்பு வந்தது. ஒருவருக்குக் கோப்பு தேட வேண்டியிருந்தது. மற்றவர்கள் சன்னலை ஆராய்ந்தோம். தாங்கள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் அமர்ந்தீர்கள். "என் மூஞ்சி, என் இஷ்டம். ஆரம்பிங்க" என்றீர்கள். அவர் நுரை பூசிக் கத்தியை எடுத்தார். தாடையில் ஒரே ஒரு வெட்டு விழுந்தது. அவர் பதறிக் கத்தியைக் கீழே வைக்க, தாங்களோ பஞ்சை அழுத்திக்கொண்டு, "இன்னொரு பக்கம் பாக்கி இருக்கு" என்றீர்கள். மறுமாதம் அவர் கடை திறந்தது. முதல் வாடிக்கையாளரும் தாங்களே!

அந்தத் தழும்பு இன்னும் தங்கள் தாடையில் இருக்கிறது. தங்களோடு பேசும்போதெல்லாம் எங்கள் பார்வை அங்கேதான் போய் நிற்கிறது. இத்தனை ஆண்டுகளாகச் சொல்லாததை இன்று சொல்லிவிடுகிறோம். அன்று நாங்கள் பயந்தோம், ஐயா. அதற்காக வெட்கப்படுகிறோம்.

ஆகவே இன்று காலை, அந்த முடிதிருத்துநர் கடை திறக்கும் முன்பே ஒன்பது பேரும் அவர் வாசலில் போய் நின்றோம். ஆண்கள் ஐவரும் கன்னம் கொடுத்தோம். பெண்கள் நால்வரும் கூந்தல் நுனி கொடுத்தோம். அவர் கை இன்னும் சற்றே நடுங்குகிறது. ஆனாலும் ஒருவரும் எழுந்து ஓடவில்லை. இம்மடலை வாசிக்கும் எழுத்தரின் தாடையில் பிளாஸ்திரி எதற்கென்று தாங்கள் இந்நேரம் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். பாதியில் பலூன் நினைவு வந்து சிரித்துவிட்டார். வெட்டு விழுந்ததும், பஞ்சை அழுத்திக்கொண்டு, "இன்னொரு பக்கம் பாக்கி இருக்கு" என்றார்.

எங்கள் அன்புக்குரியவரே! நோயின்றி, நிறைவோடு, தங்கள் வேலையெல்லாம் தங்கள் கையாலேயே செய்து நெடுங்காலம் வாழ்க! முந்திக்கொண்டு உதவ ஓடிவர மாட்டோம். தாங்கள் கற்பித்தபடி, கைக்கெட்டும் தூரத்தில் நிற்போம்.

இங்ஙனம்,
கன்னம் கொடுத்த ஐவரும் கூந்தல் கொடுத்த நால்வரும்,
தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவு