ரவானுக்குக் கணக்கு சொல்லித்தருவது யார்?

2018 நவம்பர் 8, வியாழக்கிழமை. கெய்ரோ, ஷுப்ரா. நான்காம் வகுப்புக் கணக்குத் தேர்வின் மதிப்பெண் அன்று மதியம் வந்தது. ரவானுக்கு இருபதுக்குப் பதினெட்டு. முந்தைய தேர்வில் ஆறு. மாலையில் கணக்கு ஆசிரியை இன்ஸாஃப், ரவானின் தாய் (அக்கம்பக்கத்துக்கு ‘உம்மு ரவான்’, ரவானின் அம்மா) ஷாஹினாஸின் வீட்டுக்கு வந்தார்.

ஷாஹினாஸ்: ...இல்ல மிஸ், ட்யூஷனுக்கெல்லாம் எங்கயும் அனுப்பல. அவளாத்தான் படிக்கிறா.

இன்ஸாஃப்: அவளாவா?

ஷாஹினாஸ்: அவளாத்தான். டீ எடுத்துக்கங்க, புதினா போட்டிருக்கேன். இன்னைக்கு உங்களுக்கு ட்யூஷன் குரூப் இருக்குமே?

இன்ஸாஃப்: இன்னைக்கு வேண்டாம்னு பிள்ளைங்களை அனுப்பிட்டேன். என் குரூப்லேர்ந்து ரவானை நிறுத்தினீங்களே, எதுக்குன்னு சொன்னீங்க?

ஷாஹினாஸ்: அவங்கப்பாவுக்கு வேலை சரியா இல்ல, மிஸ். அப்பவே சொன்னேனே.

இன்ஸாஃப்: உங்க நாத்தனாருக்கு உடம்பு சரியில்லன்னு சொன்னீங்க.

ஷாஹினாஸ்: அதுவும்தான்.

இன்ஸாஃப்: ம்.

ஷாஹினாஸ்: மிஸ், ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கக் கூடாது. அவளைக் கடைசி பெஞ்சுக்கு மாத்திடுவீங்களா?

இன்ஸாஃப்: என்னைப் பத்தித் தெருவுல அப்படியா பேசிக்கிறாங்க?

ஷாஹினாஸ்: உங்களைப் பத்தி இல்ல, மிஸ். பொதுவா.

இன்ஸாஃப்: பொதுவா.

ஷாஹினாஸ்: சொந்த டீச்சரை விட்டுட்டு வேற ட்யூஷனுக்குப் போனா கடைசி பெஞ்சுதான்னு... ஊர் பேசுறதுதானே. நாங்கதான் எங்கயும் போகலையே.

இன்ஸாஃப்: கண்ணாடி போட்ட பிள்ளை, முன்னாடிதான் உக்காருவா. யார் என்ன சொன்னாலும் அங்கதான். இப்பச் சொல்லுங்க.

ஷாஹினாஸ்: எங்கயும் போகல, மிஸ்.

ரவான்: அம்மா, பெரிய கத்தி எங்க வச்ச... மிஸ்.

இன்ஸாஃப்: வாடா கண்ணு. கத்தி எதுக்கு?

ரவான்: பஸ்பூஸா கேக்கை வெட்ட.

ஷாஹினாஸ்: பசிக்குதாம், மிஸ்.

ரவான்: பசிக்கல. தட்டைப் பன்னெண்டா வெட்டணும். அப்புறம் அதுல மூணுல ரெண்டு பங்கு...

ஷாஹினாஸ்: விரலைப் பாத்து எடு. எடுத்துட்டியா? உள்ள போ. கதவைச் சாத்திக்க.

இன்ஸாஃப்: போ கண்ணு. நல்லா வெட்டு.

ஷாஹினாஸ்: இப்பல்லாம் எதுக்கெடுத்தாலும் விளையாட்டு...

இன்ஸாஃப்: திங்கக்கிழமை வகுப்புல இவளைக் கூப்பிட்டு ஒரு பின்னக் கணக்கு குடுத்தேன். போர்டுல தட்டு வரைஞ்சா. குறுக்கயும் நெடுக்கயும் கோடு போட்டு வெட்டினா. விடை சரி. நான் வகுப்புல அப்படிச் சொல்லித்தந்ததே இல்ல.

ஷாஹினாஸ்: டிவியில ஏதாவது பாத்திருப்பா.

இன்ஸாஃப்: துண்டுக்கு ஒரு புள்ளி வச்சா. என்னதுன்னு கேட்டேன். பஸ்பூஸா மேல வைக்கிற பாதாம்னா. அதை நான் ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் சொல்லித்தந்திருக்கேன், உம்மு ரவான். என் சமையல்கட்டுல. என் பொண்ணு நெர்மீனுக்கு.

ஷாஹினாஸ்: டீ ஆறுது, மிஸ்.

இன்ஸாஃப்: ஆறட்டும். அவ எப்படி இருக்கான்னு உங்களுக்குத் தெரியும்.

ஷாஹினாஸ்: தெரியும். தெருவுக்கே தெரியும்.

இன்ஸாஃப்: பள்ளிக்கூடம் முடிக்கிற தானவிய்யா கடைசிப் பரீட்சையில மயங்கி விழுந்தவதான். ரெண்டு வருஷமா வாசப்படி தாண்டல. டாக்டர் பாத்தார், ஷேக் வந்து ஓதினார், அவ மாமா வந்து கத்திட்டுப் போனார். நான் பேசினா தலையை மட்டும் ஆட்டுவா. இங்க என்னடான்னா உங்க பொண்ணு போர்டுல பாதாம் வைக்கிறா. நான் சண்டைக்கு வரல. எப்படின்னு கேக்கத்தான் வந்தேன்.

ஷாஹினாஸ்: சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன், மிஸ்.

இன்ஸாஃப்: நெர்மீன்கிட்டயா? உம்மு ரவான். நான் அவ அம்மா.

ஷாஹினாஸ்: கூடைதான், மிஸ்.

இன்ஸாஃப்: என்ன கூடை?

ஷாஹினாஸ்: உங்க பால்கனிக் கூடை. சாயங்காலம் நீங்க குரூப்புக்குப் போனதும் நெர்மீன் ரொட்டிக்காகக் கயித்துல கட்டிக் கீழ கடைக்கு இறக்குவா இல்ல? ஒரு நாள் ரவான் அந்தக் கடைப் படியில உக்காந்து கணக்கு வராம அழுதுட்டிருந்தா. கடைக்காரர் இவ கையில ரொட்டியைக் குடுத்துக் கூடையில வைக்கச் சொன்னார். வச்சா. கூடவே கணக்கு நோட்டையும் வச்சுட்டா.

இன்ஸாஃப்: எதுக்கு?

ஷாஹினாஸ்: நானும் கேட்டேன். மேல இருக்கிறது டீச்சர் பொண்ணுதானே, தெரிஞ்சிருக்கும்னா.

இன்ஸாஃப்: ...அப்புறம்?

ஷாஹினாஸ்: ரொம்ப நேரம் கூடை வரவே இல்ல. நோட்டு போச்சுன்னு அதுக்கு வேற ஒரு அழுகை. கடைசியில இறங்குச்சு. தப்பெல்லாம் திருத்தி, ஓரத்துல ஒரு பஸ்பூஸாத் தட்டு வரைஞ்சு, கூட ஒரு மிட்டாய்.

இன்ஸாஃப்: நெர்மீனா?

ஷாஹினாஸ்: மறுநாளும் போச்சு, வந்துச்சு. கொஞ்ச நாள்ல எழுதுறது போதாம மேலேர்ந்தே சத்தமாச் சொல்லித்தர ஆரம்பிச்சா. கடைக்காரருக்கே இப்ப பின்னம் வருது.

இன்ஸாஃப்: சத்தமாவா? என் பொண்ணா?

ஷாஹினாஸ்: திட்டவும் செய்வா, மிஸ். அப்படியே உங்களை மாதிரி.

இன்ஸாஃப்: அப்ப தெருவே கேட்டிருக்கு. நான் ஒருத்திதான் கேக்கல.

ஷாஹினாஸ்: உங்க காதுல போட்டா அவ திரும்பவும் உள்ள போயிடுவாளோன்னு எல்லாருக்கும் பயம். ரவானை மூணு பேர்கிட்ட ட்யூஷனுக்கு அனுப்பிப் பாத்தேன், மிஸ், உங்ககிட்டயும் சேத்து. இவ வாயே திறக்கல. மக்குப் பிள்ளைன்னு நானே முடிவு பண்ணிட்டேன். பெத்தவளே. இன்னைக்கு அந்தப் பதினெட்டைப் பாத்துட்டு அடுப்படியில நின்னு அழுதேன். தினமும் தொழுகையில என் பொண்ணு பேருக்கு முன்னாடி உங்க பொண்ணு பேரைத்தான் சொல்றேன்.

இன்ஸாஃப்: என்கிட்ட ஏன் மறைக்கணும் அவ?

ஷாஹினாஸ்: சொன்னா வருத்தப்படுவீங்க.

இன்ஸாஃப்: படமாட்டேன். சொல்லுங்க.

ஷாஹினாஸ்: "அம்மாவுக்குத் தெரிஞ்சா முதல்ல அழுவாங்க. மறுநாள் பத்துப் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து நிறுத்துவாங்க. அதுக்கு மறுநாள், பரீட்சை எழுதுன்னு ஆரம்பிப்பாங்க"ன்னா.

இன்ஸாஃப்: பத்து இல்ல. ஆறு பேரைத்தான் நினைச்சேன். இங்க வர்ற வழியில.

ஷாஹினாஸ்: மிஸ்...

இன்ஸாஃப்: சிரிங்க, பரவால்ல. அவ சொன்னது சரிதான். ஒண்ணு மட்டும் கேக்கறேன். கூடை இறங்குச்சு. அவ இறங்கினாளா?

ஷாஹினாஸ்: இல்ல மிஸ். கூடைதான்.

இன்ஸாஃப்: ஒரு நாளும் இல்லையா?

ஷாஹினாஸ்: கூடை மட்டும்தான். டீயை மாத்தித் தரட்டுமா?

இன்ஸாஃப்: வேண்டாம். உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல எனக்கு.

ஷாஹினாஸ்: எனக்கா? நல்லா இருக்கே கதை. நான் உங்களைத் தேடி வந்து சொல்ல வேண்டியது.

இன்ஸாஃப்: எல்லாரும் என் பொண்ணுக்கு என்னத்தையாவது குடுக்கத்தான் வந்தாங்க. மருந்து, ஓதின தண்ணி, புத்திமதி. உங்க பொண்ணுதான் அவகிட்ட ஒண்ணு கேட்டா. கடவுள் உங்களை நல்லா வைக்கட்டும். நான் கிளம்பறேன்.

ஷாஹினாஸ்: இருங்க, பஸ்பூஸா சாப்பிட்டுட்டு... இல்ல, அதை இன்னும் வெட்டிட்டிருக்கா. சரி, இன்னொரு நாள் வாங்க.

இன்ஸாஃப்: விரட்டுறீங்க.

ஷாஹினாஸ்: ஐயோ, இது உங்க வீடு, மிஸ்.

இன்ஸாஃப்: மெதுவாப் பேசுங்க. உங்க வாசல்ல ஒரு நீலச் செருப்பு கிடக்கு. போன வருஷம் பெருநாளைக்கு நெர்மீனுக்கு நான் வாங்கினது. பெட்டியைக்கூடப் பிரிக்கலன்னு நினைச்சுட்டிருந்தேன்.

ஷாஹினாஸ்: மிஸ்... நான் சத்தியம் பண்ணினது...

இன்ஸாஃப்: உள்ள வர்றதுக்கு முன்னாடியே பாத்துட்டேன். கையில எடுத்துத் திருப்பினேன். அடியில தெரு மண்ணு. கொஞ்ச நேரம் அங்கயே நின்னுட்டுத்தான் மணி அடிச்சேன்.

ஷாஹினாஸ்: ரெண்டு வாரமா வர்றா. ஓரமா, சுவரை ஒட்டியே நடந்து வருவா. எதிர்ல யாராவது வந்தா நின்னுடுவா. ஆனா வந்துடுவா.

இன்ஸாஃப்: வரட்டும். நான் எதையும் பாக்கல, எதையும் கேக்கல. எட்டு மணி வரைக்கும் நான் குரூப்லதான் இருக்கேன்னு வச்சுக்கங்க. சத்தம் வராம கதவைத் திறந்துவிடுங்க.

ரவான்: மிஸ், போயிடாதீங்க. பாடம் முடிய இன்னும் அரை மணி நேரம் ஆகுமாம். நெர்மீன் அக்கா உங்களை இருக்கச் சொன்னாங்க. உங்ககூடவே நடந்து வீட்டுக்கு வர்றாங்களாம்.