எதிர் நாற்காலி

— உங்க ஆள் வந்ததும் எழுந்துக்குறேன். அதுவரைக்கும் இந்த நாற்காலியில உட்காரலாமா? கிண்ணம் கையைச் சுடுது.

— அது... டிஷ்யூ பாக்கெட் வெச்சிருக்கேன். இடம் பிடிச்சாச்சு.

— சிங்கப்பூர் வந்து ரெண்டு வருஷமாச்சுங்க, அது தெரியாதா? இந்த உணவங்காடி முழுக்கப் பாக்கெட்டுங்கதான் உட்கார்ந்திருக்கு. மனுஷங்களுக்குத்தான் இடமில்ல.

— சரி, உட்காருங்க.

— நான் பெய் ஷான். எதிர்க் கட்டடத்துல வேலை.

— பூன் கியாட்.

— தெரியும். கழுத்துல அட்டை தொங்குதே.

— ஓ.

— உங்க நண்பர் என்ன, தினமும் லேட்டா?

— அப்படின்னு இல்ல. மீட்டிங் இருக்கும்.

— சும்மா சொல்லக்கூடாது, பொறுமைசாலிதான் நீங்க. நூடுல்ஸ் ஊறியே போச்சு. எங்க ஊர் ஈப்போவுல இதைப் பூனைகூட மோந்து பாக்காது.

— தினமும்னு எப்படித் தெரியும்?

— நான் அந்தத் தூண் பக்கத்துல சாப்பிடுவேன். முதல்ல இங்கதான் வருவேன். பாக்கெட்டைப் பாத்ததும் திரும்பிடுவேன்.

— இங்க எதுக்கு?

— நீங்களும் என்னை மாதிரி குனிஞ்ச தலை நிமிராம சாப்பிடுவீங்க. பேச்சுக் குடுத்துப் பாக்கலாமேன்னு.

— என்... என்கிட்டயா?

— என்ன, மீன் உருண்டை தொண்டையில சிக்கிடுச்சா?

— யாரும் வரமாட்டாங்க.

— மீட்டிங் முடியலையாமா?

— அப்படின்னு இல்ல. நண்பர்னே யாரும் இல்ல.

— பின்ன பாக்கெட்?

— சேந்த புதுசுல ஆபீஸ்ல சாப்பிடக் கூப்பிட்டாங்க. வெக்கமா இருந்துச்சு, வேலை இருக்குன்னுட்டேன். அப்புறம் யாரும் கூப்பிடல. அவங்க இந்தப் பக்கம் வந்தா நான் தனியா இருக்கேன்னு தெரியக்கூடாது. அதான்.

— அட மனுஷா.

— சிரிக்காதீங்க.

— சிரிக்கல. சும்மா சொல்லக்கூடாது, உங்களுக்குப் பாக்கெட்னா எனக்குப் போன். காதுல வெச்சுக்கிட்டு ஆமா, ஆமாம்பேன். அந்தப் பக்கம் யாரும் இருக்கமாட்டாங்க.

— யார்கிட்டயாவது இதைச் சொல்லியிருக்கீங்களா?

— யார் இருக்கா சொல்றதுக்கு?

— நாளையிலேருந்து நான் எதையும் வைக்கமாட்டேன். நேரா வந்துடுங்க. ஒண்ணாச் சாப்பிடலாம்.

— நாளையிலேருந்தா?

— பிடிக்கலன்னா வேணாம். சும்மா கேட்டேன்.

— சாயங்காலம் ஊருக்குப் பஸ். வேலையை விட்டாச்சு. இனிமே உங்க முகத்துல முழிக்க வேண்டியதில்லைங்கற தைரியத்துலதான் பூன் கியாட், இன்னிக்கு வந்து கேட்டேன்.