துரு சாயும் பக்கம்

கடைக்காரர்: கண்ணாடியத் தொடாதீங்க அண்ணி... விரல் ரேகை பதிஞ்சிடும்.

மனைவி: தொடலப்பா. தூசி இருந்துச்சு, ஊதுனேன்.

கடைக்காரர்: அண்ணன் செஞ்ச இந்த இழுவைப் படகக் கண்ணாடிக்குள்ள வெச்சதுலேருந்து துடைச்சுத் துடைச்சே என் கை தேஞ்சு போச்சு. போன வாரம் ஒரு பெரியவர் வந்தாரு, கப்பல்ல வேலை பாத்து ஓய்வானவரு. குனிஞ்சவரு நிமிரவே இல்ல. அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நங்கூரத்துக்குக் கீழ துரு ஏறிடுச்சு. தகட்ட மாத்து, அடுத்த மழைக்குத் தாங்காது"ன்னாரு!

கணவர்: மாத்துனியா?

கடைக்காரர்: முழங்கை நீளப் படகுல எந்தத் தகட்ட மாத்தறது! எல்லாம் பிளாஸ்டிக்கு, பெயிண்ட்டுன்னா நம்ப மாட்டேங்கறாரு. முகர்ந்து பாக்கணும்னு ஒரே பிடிவாதம். அண்ணே... உங்க கைக்குத் தங்கத்துல காப்பு போடணும்.

கணவர்: காப்ப நீ போடறப்ப பாத்துக்கலாம். இப்ப பெயிண்ட் பீச்சற ஏர்பிரஷ் எடு. இருக்கறதுலயே மெல்லிசா கோடு விழறது.

கடைக்காரர்: ஊசி மெலிய மெலிய வீம்பும் ஜாஸ்திண்ணே. பெயிண்ட்டு பால் மாதிரி தண்ணியா இல்லன்னா மூக்கு அடைச்சிட்டு உர்ர்ருன்னு உக்காந்துக்கும்.

மனைவி: அப்படி ஒண்ணு ஏற்கெனவே எங்க வீட்டுல இருக்கு தம்பி. சோறு போட்டு வளக்கறேன்.

கணவர்: கேட்டுக்க. இதுதான் எனக்குக் கிடைக்கற மரியாதை.

மனைவி: பின்ன? தினமும் காலையில பெயிண்ட்ட பதமா கலக்கி, கிண்ணத்த மேசை ஓரத்துல வெச்சுட்டு, அப்படியே லிஃப்ட் ரிப்பேர் வேலைக்குக் கிளம்பிடுவாரு. காஞ்சா வீணாகுமேன்னு ஒரு நெனப்பு கிடையாது. கழுவி வைக்க நான் ஒருத்தி.

கடைக்காரர்: அண்ணே! கலக்குன பெயிண்ட்டயா?

கணவர்: மறதிப்பா... வயசாகுதுல்ல.

கடைக்காரர்: சரி, ஞாயித்துக்கிழமை கண்காட்சி மேடைக்குத்தானே இது? ஜனங்க முன்னால உக்காந்து அடிச்சுக் காட்டணுமாமே?

கணவர்: அதுக்குத்தான்.

கடைக்காரர்: துறைமுக மியூசியத்துக்காரங்களும் வர்றாங்களாம். அன்னைக்குக் கை பேசிடுச்சுன்னா, அவங்களோட பெரிய கப்பல் வேலை உங்க வீட்டுக்குத்தான்.

மனைவி: வேணாம்னு நானும் தலைப்பாடா அடிச்சிக்கறேன். அவருக்குத் தோள்ல வலி.

கணவர்: எனக்கா?

மனைவி: உங்களுக்குத்தான். தூக்கத்துல முனகறீங்க.

கணவர்: எனக்கே சொல்லாம எனக்கு வலிக்குது பாரு... யாரது, ஹாரன் அடிக்கறாங்க? நம்ம வண்டிதான் வழிய மறிக்குது போல. நகத்திட்டு வந்துடறேன்.

மனைவி: தம்பி... போயிட்டாரா?

கடைக்காரர்: போயிட்டாரு. என்ன அண்ணி, முகமே மாறிடுச்சு?

மனைவி: மெல்லிசு எல்லாம் வித்துப்போச்சுன்னு சொல்லிடுப்பா. உனக்குப் புண்ணியமாப் போகும்.

கடைக்காரர்: வந்த வியாபாரத்தக் கால்ல எத்தச் சொல்றீங்க!

மனைவி: அவருக்குக் கை நடுங்குது.

கடைக்காரர்: ...என்னது?

மனைவி: வலது கை. டம்ளர் புடிச்சா தண்ணி அலை அடிக்கும். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டிருக்காரு. இவ்வளவு நேரம் பேசுனாரே, அந்தக் கைய ஜோப்ப விட்டு எடுத்தாரா, பாத்தியா?

கடைக்காரர்: அப்ப... கண்ணாடிக்குள்ள இருக்கற படகு?

மனைவி: அது... அதெல்லாம் முன்னாடி பண்ணது. அந்த மேடையில ஒரு கோடு கோணலா விழுந்தா மனுஷன் நொறுங்கிடுவாரு தம்பி. ஊரே கையெடுத்துக் கும்புட்ட கை அது. வர்றாரு, வர்றாரு...

கணவர்: என்ன, அண்ணியும் கொழுந்தனும் குசுகுசுன்னு?

கடைக்காரர்: விலைதாண்ணே... பேரம். அப்புறம் ஒரு விஷயம், அந்த மெல்லிசு ஊசி ஸ்டாக்கே இல்ல.

கணவர்: உன் தலைக்குப் பின்னாடி தொங்குதே, அது என்ன பல்குச்சியா?

கடைக்காரர்: அதுவா... அது... சின்னக் கைக்குண்ணே. பிடியும் குட்டை. உங்க கைக்கு அடங்காது.

கணவர்: அதையே எடு. பெயிண்ட் ஊத்தற கிண்ணம் மேல இல்லாம பக்கவாட்டுலதானே இருக்கு? இந்தப் பக்கம் கழட்டி அந்தப் பக்கம் மாட்டலாமா?

கடைக்காரர்: மாட்டலாம். ஆனா இடது கைக்காரங்கதான் அப்படிக் கேப்பாங்க. உங்களுக்கு எதுக்கு?

கணவர்: காசு போட்டு வாங்கற மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கக் கூடாதா? மாட்டு. பெயிண்ட்ட ஊத்து. ம்... இந்தாம்மா, நீ புடி.

மனைவி: நானா? எனக்கு என்ன தெரியும் இதுல?

கணவர்: சும்மா ஒரு கோடு. நான் கிழவன், கண்ணாடிய வேற மறந்துட்டு வந்துட்டேன்.

மனைவி: கொசு மருந்து அடிக்கற பம்பு மாதிரி இருக்கு... எதை அமுக்கணும்?

கடைக்காரர்: விசைய அமுக்குனா காத்து, பின்னால இழுத்தா பெயிண்ட்டு... அண்ணி? முனை மூடிய ஏன் கழட்டறீங்க?

மனைவி: அது... தூசி. துடைக்கலாம்னு.

கடைக்காரர்: ரொம்ப விவரமானவங்கதான் கோடு மெலியணும்னு அதைக் கழட்டுவாங்க... அண்ணி, காகிதத்துக்கு இவ்வளவு கிட்டயா? தேங்கி ஒழுகிடும்... ஐயோ...

கணவர்: மூச்சு விடாத. அப்படித்தான்... விடாத...

கடைக்காரர்: அண்ணே, ஆரம்பத்துல புள்ளி இல்ல. முடிவுல சொட்டு இல்ல. கோடு எங்க முடியுதுன்னே தெரியல, கரைஞ்சுல்ல போகுது! இருங்க, ஒரு முடியப் புடுங்கிப் பக்கத்துல வெக்கறேன்... அடடா! என் தலைமுடி கிணத்துக் கயிறாட்டம் கிடக்கு!

மனைவி: ஏதோ... குருட்டு அதிர்ஷ்டம்.

கடைக்காரர்: அதிர்ஷ்டமா? முதல் தடவ புடிக்கறவங்க விசைய டக்குனு விட்டுடுவாங்க. எச்சில் துப்புன மாதிரி தெறிக்கும். நீங்க பெயிண்ட்ட நிறுத்திட்டு, அப்புறம்தானே காத்த நிறுத்துனீங்க! ஆமா... இடது கையில புடிச்சதாலயா, கோடு லேசா வலப்பக்கம் சாயுது? இருங்க... படகுல... அண்ணே! அந்தத் துரு பூரா இதே சாய்வுதான்!

மனைவி: கப்பல்னா சாயத்தானேப்பா செய்யும்.

கணவர்: நான் இழுத்தா கோட்டோட அடி இடப்பக்கம் சாயும். என் பழைய படகு எதை வேணும்னாலும் பாரு.

மனைவி: ...எப்பலேருந்து தெரியும் உங்களுக்கு?

கணவர்: முதல் துருவுலேருந்து. நான் போட்டது புழு நெளிஞ்ச மாதிரி ஒரு கோடு. எனக்கே பாக்கப் பிடிக்காம வேலைக்குப் போயிட்டேன். சாயந்தரம் வந்து பாத்தா, அதே இடத்துல நாப்பது வருஷக் கடல் தண்ணி ஓடியிருக்கு. விரலால தொட்டுப் பாத்தேன்... ஈரம் ஒட்டுமோன்னு.

மனைவி: ஏங்க... ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?

கணவர்: சொன்னா, "ஐயோ, உங்க வேலையில கை வெச்சுட்டேனே"ன்னு நிறுத்திடுவ. அப்புறம் மறுநாள் என்ன முளைச்சிருக்குன்னு நான் எங்க போய்ப் பாக்கறது? பாதி லிஃப்ட்டுல தொங்கிட்டு, எப்படா பொழுது சாயும்னு இருப்பேன்மா.

கடைக்காரர்: அப்ப மேடை?

கணவர்: நான் உக்காரப் போறேன்னு யாரு சொன்னா? அங்க குடுத்திருக்கற பேரு இவளோடது.

மனைவி: ஆத்தாடி! அத்தனை பேரு முன்னாலயா? கை உதறுமே எனக்கு!

கணவர்: உதறட்டும். கை உதறுறதுல நமக்கு அனுபவம் ஜாஸ்தி. பக்கத்துல உக்காந்து பெயிண்ட் கலந்து குடுக்கறேன்.

மனைவி: யாரு, நீங்களா? கலக்கி வெச்சுட்டு மறந்துபோற ஆளா!

கணவர்: மறந்தேனா? நான் வலது கைக்காரன்மா. கிண்ணத்த தினமும் உன் இடது கைப் பக்கம்தானே வெச்சுட்டுப் போனேன்.