சர்வர் நின்ற காலை

ஹார்ட் டிஸ்க் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்கக் கூடாது, ஐயா. வீட்டுக் கம்ப்யூட்டரில் இருப்பது ஒரு நாளில் நாலைந்து மணி நேரம் ஓடினால் போதும். ஓர் இடத்து விவரமெல்லாம் சேர்த்து வைக்கும் சர்வரில் இருப்பது ஓயாமல் சுற்ற வேண்டும். அதற்கென்றே தனியாகச் செய்கிறார்கள். அதிலும் உசத்தியானது வேண்டாம். ஐந்து வருட உத்தரவாதம் உள்ள நடுத்தரம் போதும். இரண்டு வாங்கி, இரண்டிலும் ஒரே விவரம் பதியும்படி செய்துவிட்டால் ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும். ஆனால் இரண்டையும் ஒரே கடையில் வாங்கக் கூடாது. சேர்ந்து செய்தவை சேர்ந்தே படுத்துவிடும். நான் ஒன்றைத் தேனியிலும் மற்றதை மதுரையிலும் வாங்கினேன்.

போடியில் அந்தச் சிறிய மருத்துவமனைக்காகத்தான். மேலே ஏலத்தோட்டங்களில் வேலை செய்பவர்கள் ஜீப்பில் இறங்கி வந்து பார்த்துக்கொள்ளும் இடம். ஒவ்வொருவருக்கும் என்ன நோய், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதெல்லாம் சர்வரில் இருக்கும். வரவேற்பில் இருக்கும் சூர்யகலாதான் என்னிடம் சொன்னது: "அண்ணே, வெலை கையக் கடிக்கக் கூடாது. அடிக்கடி மக்கர் பண்ணவும் கூடாது. நீங்களே பாத்து வாங்கிருங்க."

அதற்கு முன்னால் அங்கே மலிவான டிஸ்க் இருந்தது. மாதத்துக்கு ஒரு முறையாவது நின்றுவிடும். நான் போவேன். சூர்யகலா நாற்காலியை மின்விசிறிக்குக் கீழே இழுத்துப் போடும். "சாப்ட்டீங்களாண்ணே?" என்று கேட்கும். அதன் பிள்ளைகள் படிப்பு, மாமியார் முழங்கால் வலி எல்லாம் சொல்லும். என் மனைவி கற்பகம் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது, ஐயா. சாப்பிட்டாயா என்று கேட்க வேறு யாரும் இல்லை.

நான் வாங்கிக் கொடுத்த டிஸ்க்குகள் நன்றாக ஓடின. பதினான்கு மாதம் ஒரு போன் வரவில்லை. ஒரு நாள் கடைத்தெருவில் சூர்யகலாவைப் பார்த்தேன். "இரும்பு மாதிரி ஓடுதுண்ணே. ஒங்களுக்கு இனிமே எங்ககிட்ட சோலியே இல்ல" என்று சிரித்தது. பாராட்டாகத்தான் சொன்னது.

பிறகு, தூசி தட்டுகிறேன் என்று போனேன். ஒரு டிஸ்க்கை எடுத்துவிட்டு, என் ரிப்பேர் கடையில் கிடந்த செத்த டிஸ்க் ஒன்றை மாட்டினேன். சர்வரில் சிவப்பு விளக்கு எரிகிறதென்று இரண்டாம் நாள் கூப்பிட்டார்கள். பழையபடி நல்லதையே மாட்டிவிட்டு, மதியம் வரை உட்கார்ந்திருந்தேன். இப்படி நான்கு தடவை. மற்றது ஓடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. ஐந்தாவது தடவை சூர்யகலா, "இன்னொண்ணு ஓடுதுல்ல, மெதுவா வாங்கண்ணே" என்றது. பத்து நாள் கழித்துத்தான் வரச் சொன்னது.

அதனால் ஐப்பசியில் இரண்டையும் எடுக்க வேண்டியதாயிற்று. சாயங்காலம் மூடும் நேரத்தில் போய்ச் சர்வரை நிறுத்தி, இரண்டு நல்ல டிஸ்க்குகளையும் என் பையில் வைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் போன் வந்தது. "அண்ணே, ஒண்ணுமே வரமாட்டேங்குது. வெரசா வாங்க." மழை பெய்துகொண்டிருந்தது. நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

பத்து மணிக்கு போடிமெட்டுப் பக்கமிருந்து ஜீப்பு வந்தது. அமுதவள்ளி என்ற அம்மாளைத் தூக்கி வந்தார்கள். கையில் அரிவாள் பட்ட புண் சீழ் வைத்து, காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். கூட வந்தவர் ஜீப்பு ஓட்டும் பிச்சைமணி மட்டும்.

"இதுக்கு முன்னாடி இங்க வந்திருக்காங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"வந்திருக்கு டாக்டர். ரெண்டு வருசம் முன்னாடி, ஏதோ ஊசி போட்டு ஒடம்பெல்லாம் வீங்கிப்போச்சுன்னு சொல்லும். என்ன ஊசின்னு எனக்குத் தெரியாது."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "லிங்கேஸ்வரன், இவங்க விவரம் மட்டும் எடுக்க முடியுமா?"

பை என் காலடியில் இருந்தது. இரண்டையும் மாட்டி ஓடவிட ஐந்து நிமிடம் ஆகும். ஆனால் நான் வந்து கால்மணி நேரம்கூட ஆகவில்லை. சூர்யகலா இன்னும் என்னோடு பேசவே ஆரம்பிக்கவில்லை.

"மதியம் ஆயிரும் டாக்டர்" என்றேன்.

அவ்வளவு நேரம் அவர் காத்திருக்க முடியாது. கைத்தோலில் துளி மருந்து போட்டுப் பார்த்தார். தடிக்கவில்லை. பிறகுதான் ஊசி போட்டார். அவர் மேல் தவறில்லை. பத்தே நிமிடத்தில் அந்த அம்மாளுக்கு மூச்சு அடைத்தது. எல்லோரும் ஓடினார்கள். நான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினொன்றே காலுக்குப் பிச்சைமணி வெளியே வந்து சுவரில் சாய்ந்து அழுதார். அதற்குப் பிறகு டிஸ்க்குகளை மாட்டினேன். அமுதவள்ளியின் பெயருக்குக் கீழே அந்த மருந்து சிவப்பு எழுத்தில் வந்தது. சூர்யகலா அதைப் பார்த்தது. சாப்பிட்டேனா என்று என்னிடம் கேட்கவில்லை.

யாருக்கும் என்மேல் சந்தேகம் வரவில்லை. மருத்துவமனையை மூடிவிட்டார்கள். ஏழு வாரமாக என் போன் அடிக்கவில்லை. மனசாட்சி உறுத்தித்தான் நானாகவே இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அந்த அம்மாளைக் கொன்றது நான்தான்.

கை வலித்தால் எழுதுவதை நிறுத்திக்கொள்ளுங்கள், ஐயா. மிச்சத்தை நாளைக்குக் கேட்கலாம். நாளை மறுநாள் என்றாலும் சரி. நீங்கள் கேட்கக் கேட்க எனக்கு இன்னும் நிறைய ஞாபகம் வருகிறது.