போஞ்சித் தோட்டத்துத் துவக்கு

பிள்ளைகளே, நீங்கள் சின்னவர்களாக இருந்தபோது, பதுளையிலிருந்து பசறைக்குப் போன பஸ்ஸில் இதைக் கேட்டேன். முன் சீட்டில், போஞ்சி என்கிற பீன்ஸ் பயிரிட்டிருந்த ஒரு தோட்டத் தொழிலாளி. பக்கத்தில், மான் கறிக்கு ஆசைப்பட்டு விருந்துக்கு வந்த அவர் மனைவியின் அண்ணன்.

"துவக்கு இப்ப நேரா சுடுது மச்சான். மான்தான் வரமாட்டேங்குது."

"போன மாசம் போஞ்சிக் கொடியெல்லாம் மான் தின்னுருதுனு பொலம்புனீங்களே மாப்பிள்ள?"

"அப்ப குண்டு நாலா பக்கமும் செதறிச்சு. வாய்ப்பக்கமா வெடிமருந்து கெட்டிக்கிற துவக்குல்ல? மருந்தக் கொறச்சுப் பாத்தேன், தேங்காத்தும்பக் கூட்டி இடிச்சுப் பாத்தேன். தெனமும் மாத்தி மாத்திச் சுட்டேன். இப்ப, குறிக்கு நட்ட தகரத்துல எல்லாக் குண்டும் ஒரு கையகலத்துக்குள்ள விழுது."

"எங்க வச்சுச் சுட்டீங்க?"

"போஞ்சித் தோட்டத்துலதான்."

"எந்நேரம்?"

"வேல முடிஞ்சு, பொழுது சாயத்தான்."

"மான் மேய வர்ற நேரத்துலயா! அப்பறம் அது எப்படி வரும்? என் கறி போச்சு. தங்கச்சி என்ன சொல்லுது?"

"கொடியெல்லாம் காய்ச்சுத் தொங்குதுல்ல? 'குறி இன்னும் சரியில்லைங்க, நாளைக்கும் சுட்டுப் பாருங்க'ங்கிறா."